மென்திசு சர்கோமா: பிளாக் எல்லை தாண்டிப் போன பிறகு வரும் ஜீன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

களியக்காவிளை_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். தசை, கொழுப்பு, நரம்புறை போன்ற மென்திசுக்களில் வரும் புற்றான சர்கோமா பற்றி ஒரு கேள்வி. குமரி மேற்குப் பக்கச் சின்ன லேப்களில் வழக்கம் இதுதான்: தொடையிலோ முழங்கால் பக்கத்திலோ கட்டி, கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் எடுத்த திசு), எச் அண்ட் இ (அடிப்படைச் சாயம்) ஸ்லைடு, "ஸ்பிண்டில் செல் நியோபிளாசம், மேற்கொண்டு இம்யூனோ தேவை" என்று ஒரு வரி (ஸ்பிண்டில் செல் என்றால் கதிர் வடிவச் செல்; இம்யூனோ என்றால் ஆன்டிபாடி வைத்துச் செல்லின் புரதத்தைக் காட்டும் சாயம்). பிறகு நோயாளி பிளாக்கோடு (மெழுகில் பதித்த திசுவோடு) கேரள எல்லையில் உள்ள பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் போவார். திரும்பி வருகிற ரிப்போர்ட்டில் "ஈடபிள்யூஎஸ்ஆர்1 பிரேக்-அபார்ட் பாசிட்டிவ், உருவவியலோடு பொருத்திப் பார்க்கவும்" என்றோ, "ஆர்என்ஏ தரம் போதவில்லை" என்றோ இருக்கும். பாசிட்டிவ் என்று வந்த பிறகும் ஏன் பெயர் சொல்லவில்லை? தரம் போதவில்லை என்றால் தப்பு எங்கே, எங்கள் பக்கமா அவர்கள் பக்கமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். டெக்னீஷியன்களும் படிப்பார்கள்.

ஸ்லைடு_சித்தன்:
முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

ஃபிஷ் என்பது ஜீனின் இரு பக்கமும் ஒளிரும் இரு நிறப் புள்ளி ஒட்டிப் பார்க்கும் சோதனை. பிரேக்-அபார்ட் ஃபிஷ் சொல்வது ஒரே ஒரு விஷயம்: அந்த ஜீன் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு யாரோடு போய் ஒட்டியது என்று அதற்குத் தெரியாது. ஈடபிள்யூஎஸ்ஆர்1 இருப்பது 22ஆம் குரோமோசோமில். அது எஃப்எல்ஐ1 உடன் சேர்ந்தால் யூயிங் சர்கோமா (யூயிங்கில் சுமார் 85% இந்த வகை). டபிள்யூடி1 உடன் சேர்ந்தால் வயிற்றுக்குள் பரவும் டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்மால் ரவுண்ட் செல் கட்டி. ஏடிஎஃப்1 உடன் என்றால் கிளியர் செல் சர்கோமா. என்ஆர்4ஏ3 உடன் என்றால் எலும்புக்கு வெளியே வரும் மிக்ஸாய்டு காண்ட்ரோசர்கோமா. மிக்ஸாய்டு லைப்போசர்கோமாவிலும் சிறு பங்கு கட்டிகளில் எஃப்யூஎஸ் ஜீனுக்குப் பதிலாக இதே ஜீன்தான் உடைந்திருக்கும். இத்தனைக்கும் ஃபிஷ் ரிப்போர்ட்டில் வருவது ஒரே வரி. சிகிச்சையோ எல்லாவற்றுக்கும் ஒன்று இல்லை.

கூட்டாளி ஜீனைக் கண்டுபிடித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஈடபிள்யூஎஸ்ஆர்1–ஏடிஎஃப்1 என்ற அதே இணைவு, பாதத்துத் தசைநாரில் வந்து நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் பரவும் கிளியர் செல் சர்கோமாவிலும் இருக்கும்; சிறுபிள்ளைகளுக்குத் தோலடியில் வரும், பெரும்பாலும் சாதுவான ஆஞ்சியோமட்டாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமாவிலும் இருக்கும்; உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு கார்சினோமாவிலும் இருக்கும். ஈடிவி6–என்டிஆர்கே3ஐ எடுத்துக்கொண்டால், குழந்தைகளின் ஃபைப்ரோசர்கோமா, கைக்குழந்தையின் சிறுநீரகக் கட்டி ஒன்று, மார்பகத்திலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் வரும் செக்ரீட்டரி கார்சினோமா எல்லாவற்றுக்கும் அதே இணைவுதான். ஏஎஸ்பிஎஸ்சிஆர்1–டிஎஃப்இ3 ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சர்கோமாவிலும் உண்டு, ஒரு வகைச் சிறுநீரகப் புற்றிலும் உண்டு. "உருவவியலோடு பொருத்திப் பார்க்கவும்" என்று எழுதுகிறவர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை. கட்டி எங்கே இருந்தது, நோயாளிக்கு என்ன வயது, ஸ்லைடில் எப்படித் தெரிந்தது என்ற மூன்றும் இல்லாமல் அந்தப் பாசிட்டிவுக்கு அர்த்தமே கிடையாது. அந்த மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை.

வாளையார்_மாலிக்யூலர்:
இரண்டாம் கேள்விக்கு நான். இணைவைப் படிக்கத் தேவையான ஆர்என்ஏ (ஜீனின் நகல்) கெட்டுப்போவது பெரும்பாலும் பிளாக் ஆவதற்கு முன்பே. இந்த வரிசையில் பாருங்கள்.

திசு வெளியே வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவத்தில்) விழ வேண்டும். சலைன் நனைத்த பஞ்சில் சுற்றி வைத்துவிட்டு ஓபி முடிந்ததும் போடுவது, முதல் அடி. ஃபார்மலின் அளவு திசுவைப் போலப் பத்து மடங்கு இருக்கணும். கோர் என்றால் பிரச்சினை இல்லை. எட்டு சென்டிமீட்டர் கட்டியை ஒரு சின்ன டப்பாவில் அமுக்கி மூடினால் ஓரம் மட்டும்தான் பதப்படும், நடு அழுகும். ஃபார்மலின் உள்ளே இறங்குவது மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். பெரிய கட்டியை, ஓரங்களுக்கு மை பூசிய பிறகு, ரொட்டி வெட்டுவது போல ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகக் கீறி, நடுவில் துணியோ காகிதமோ செருகி ஊற வைக்கணும். ஊறும் நேரம் குறைந்தது 6 மணி, அதிகபட்சம் 72 மணி. சனிக்கிழமை எடுத்து, திங்கள் பண்டிகை விடுமுறை என்று செவ்வாய் மாலை வரை ஊறியது என்றால் ஆர்என்ஏ துண்டு துண்டாகியிருக்கும்.

அடுத்தது ஃபார்மலினே. கடையில் வாங்கிய ஃபார்மால்டிஹைடில் குழாய்த் தண்ணீர் கலந்து "10% ஃபார்மலின்" என்று வைப்பது இன்னும் பல இடத்தில் நடக்கிறது. அது நாள் ஆக ஆக ஃபார்மிக் அமிலமாக மாறும். அமிலமான ஃபார்மலினில் ரத்தம் அதிகமுள்ள திசு ஊறினால் ஸ்லைடில் பழுப்புக் கறுப்பாகத் தூள் தெரியும். அதைப் பார்த்தாலே நியூக்ளிக் அமிலத்தின் (டிஎன்ஏ, ஆர்என்ஏ) கதி தெரிந்துவிடும். பஃபர் கலந்ததுதான் வேணும்.

செங்கோட்டை_பிஜி:
சார், பஃபர் ஃபார்மலின் அளவு சொல்லிடுங்க, லேபில் ஒட்டி வைக்கிற மாதிரி.

வாளையார்_மாலிக்யூலர்:
ஒரு லிட்டருக்கு: 37–40% ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஎச் 6.8க்கும் 7.2க்கும் நடுவில் நிற்கணும். கேனில் தேதி எழுதுங்க. உப்பை முதலில் நீரில் முழுசாகக் கரைத்துவிட்டுப் பிறகு ஃபார்மால்டிஹைடு ஊற்றினால் அடியில் கட்டியாக நிற்காது.

எலும்பு ஒட்டிய கட்டியென்றால் சுண்ணாம்பு நீக்க நைட்ரிக் அமிலம் வேண்டாம். ஃபிஷ், சீக்வென்சிங் (ஜீன் எழுத்துகளைப் படிப்பது) இரண்டுமே போய்விடும். மென்மையான பகுதியைத் தனியே பிரித்து நேராக பிளாக் போடுங்க. எலும்புத் துண்டு மட்டும் இடிடிஏவில் போகட்டும். மெதுவாகத்தான் கரையும், ஆனால் ஜீன் பிழைக்கும்.

மார்த்தாண்டம்_எலும்பு:
அறுவை சிகிச்சைப் பக்கத்தில் இருந்து கொஞ்சம். லேபுக்கு வருவதற்கு முன்பே பாதி கெட்டுவிடுகிறது என்பது உண்மை.

ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அல்லது தசைக்குள் ஆழத்தில், அல்லது சில வாரமாக வளர்கிறது என்றால் முதலில் எம்ஆர்ஐ, அதன் பிறகுதான் ஊசி. "சும்மா கொழுப்புக் கட்டி" என்று லோக்கலில் (அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து) கீறி எடுத்துவிட்டு ரிப்போர்ட்டில் சர்கோமா என்று வந்தால், இரண்டாம் முறை அகலமாக வெட்ட வேண்டி வரும். பழைய தழும்பு, ரத்தம் தேங்கிய இடம், டிரெயின் (ரத்தம் வடிய வைக்கும் குழாய்) போட்ட துளை எல்லாமே கட்டி பரவிய இடமாகக் கணக்கு. கையிலும் காலிலும் கீறல் எப்போதும் நீளவாக்கில்தான். குறுக்கே கீறிவிட்டால் பிறகு மூட வரும் தோல் போதாது. டிரெயின் போட்டே ஆகணும் என்றால் கீறலின் நேர்க்கோட்டில், பக்கத்திலேயே.

கோர் ஊசி 14 அல்லது 16 கேஜ். நான்கு முதல் ஆறு கோர். நுழையும் துளை பின்னால் அறுவை செய்யப்போகிறவரின் கோட்டில் வரணும், அதனால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் குத்தணும். நடுவில் அழுகிப்போன பகுதியில் குத்தினால் ஒன்றும் கிடைக்காது. எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் ஏறுகிற ஓரத்தைக் குறிவைக்கணும். எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல் மட்டும் உறிஞ்சுவது) போதும் என்று யாராவது சொன்னால், திரும்பி வந்த சர்கோமாவை உறுதி செய்யப் போதும். முதன்முறை பெயர் வைக்கப் போதாது.

களியக்காவிளை_லேப்:
அண்ணன், அந்த ஆறு கோரும் எங்க கிட்ட வந்தா எல்லாத்தையும் ஒரே காசெட்டில் (ஒரு பிளாக்குக்கான சின்னப் பெட்டி) போடுறது தப்பா?

வாளையார்_மாலிக்யூலர்:
தப்புதான் தம்பி. இரண்டு காசெட்டாகப் பிரிங்க. ஒன்றை இம்யூனோவுக்குச் செலவழிக்கலாம், மற்றதைத் தொடாமல் மாலிக்யூலருக்கு வைக்கலாம். ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோடோமில் (மெல்லிசாகச் சீவும் கருவி) ஏற்றி மட்டப்படுத்தும்போதும் பல பத்து மைக்ரான் குப்பைக்குப் போகும். கோரின் கனமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இன்றைக்கு எச் அண்ட் இ, நாளைக்கு எஸ்100, அடுத்த வாரம் டெஸ்மின் என்று நாலு முறை ஏற்றினால் கடைசியில் மெழுகுதான் மிச்சம். ஏற்றினால் ஒரே மூச்சில்: ஒரு எச் அண்ட் இ, இம்யூனோவுக்குச் சார்ஜ் போட்ட (திசு ஒட்டிக்கொள்ளும்) ஸ்லைடில் 10–12 வெறும் வெட்டு, ஃபிஷ்ஷுக்கு 4 மைக்ரானில் நாலு, கடைசியில் மறுபடி ஒரு எச் அண்ட் இ. அந்தக் கடைசி ஸ்லைடு முக்கியம். கட்டி அந்த ஆழத்திலும் இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. ஆர்என்ஏவுக்கு வெட்டும்போது புது பிளேடு, கையுறை. முந்தின நோயாளியின் துணுக்கு தண்ணீர்த் தொட்டியில் மிதந்தால் அதுவும் சீக்வென்சரில் பேசும்.

செங்கோட்டை_பிஜி:
சித்தன் சார், ஒரு சந்தேகம். கூட்டாளி ஜீனை ஃபிஷ் சொல்லாதுன்னா, இம்யூனோ பத்துப் பன்னிரண்டு போட்டுத் திசுவைக் கரைக்காமல் நேராக ஆர்என்ஏ பேனலுக்கே அனுப்பிவிடலாமே? எல்லா இணைவையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடுமே.

ஸ்லைடு_சித்தன்:
அப்படிச் செய்தால் அடிக்கடி காசும் நாளும் வீண். காரணம் இரண்டு.

சர்கோமாக்களில் ஒரு பாதிக்கும் மேல் இணைவே இல்லாதவை. லியோமயோசர்கோமா, அன்டிஃபரன்ஷியேட்டட் பிளியோமார்ஃபிக், மிக்ஸோஃபைப்ரோசர்கோமா இவற்றில் குரோமோசோம்களே கந்தலாகக் கிடக்கும், டிபி53, ஆர்பி1 என்ற புற்றைத் தடுக்கும் ஜீன்கள் போயிருக்கும். பேனல் "இணைவு இல்லை" என்று சொல்லும். அந்த "இல்லை"க்குப் பின்னால் திசு மோசமா, கட்டியே அப்படியா என்று பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பல இணைவுகளுக்கு இப்போது நிழல்போல ஒரு இம்யூனோ சாயம் வந்துவிட்டது. ஒரு ஸ்லைடு, ஒரு நாள். சாலிடரி ஃபைப்ரஸ் கட்டியில் என்ஏபி2–ஸ்டாட்6 இணைவு; இரண்டு ஜீனும் 12ஆம் குரோமோசோமில் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஃபிஷ்ஷில் பிரிவே தெரியாது, ஆனால் ஸ்டாட்6 சாயம் நியூக்ளியஸில் (செல்லின் உட்கருவில்) பளிச்சென்று ஏறும். லோ கிரேடு ஃபைப்ரோமிக்ஸாய்டு சர்கோமாவுக்கு மக்4. சைனோவியல் சர்கோமாவுக்கு முன்பெல்லாம் டிஎல்இ1தான். அது நரம்புறைக் கட்டியிலும் சாலிடரி ஃபைப்ரஸிலும் ஏறி ஏமாற்றும். இப்போது சைனோவியலின் எஸ்எஸ்18–எஸ்எஸ்எக்ஸ் இணைவின் சந்திப்பையே பிடிக்கிற ஆன்டிபாடி இருக்கிறது, அதன் உணர்திறன் 95 விழுக்காட்டை ஒட்டி. உருவம் ஒத்துப்போய் அது நியூக்ளியஸ் முழுக்க வலுவாக ஏறினால் நான் ஃபிஷ் கேட்பதில்லை.

ஸ்பிண்டில் செல் கட்டிக்கு என் முதல் சுற்று: கெரட்டின், இஎம்ஏ, எஸ்100, சாக்ஸ்10, டெஸ்மின், எஸ்எம்ஏ, சிடி34, ஸ்டாட்6. சைனோவியலில் கெரட்டினும் இஎம்ஏவும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் ஏறும், நாலு செல் போதும். எஸ்100 சுமார் மூன்றில் ஒரு பங்கில் ஏறும். அதைப் பார்த்து நரம்புக் கட்டி என்று தாவக்கூடாது. சிடி34 ஏறினால் சைனோவியல் இல்லை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து மூட்டுச் சவ்வில் இருந்து வருவதாக நோயாளியிடம் சொல்லிவிட வேண்டாம், அப்படி வருவதில்லை.

வாளையார்_மாலிக்யூலர்:
சாரோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஆனால் சின்ன வட்ட செல் கட்டியில், அதுவும் இள வயதில், நான் பேனலுக்கே முதலிடம் கொடுப்பேன். சிடி99 சவ்வில் ஏறியது, என்கேஎக்ஸ்2.2 ஏறியது என்றால் யூயிங், சரி. சிடி99 திட்டுத்திட்டாக ஏறி, டபிள்யூடி1ம் இடிவி4ம் ஏறினால் அது சிஐசி ஜீன் மாற்றமுள்ள சர்கோமா. 2020இல் வந்த உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு சிஐசி, பிசிஓஆர் ஜீன் மாற்றமுள்ள சர்கோமாக்களை யூயிங்கில் இருந்து பிரித்துத் தனித்தனிப் பெயரே கொடுத்துவிட்டது. சிஐசி–டியூஎக்ஸ்4க்கு ஃபிஷ் பொய்யாக நெகட்டிவ் காட்டுவது நன்றாகத் தெரிந்த விஷயம்.

யூயிங்கிலேயே பத்தில் ஒன்று ஈஆர்ஜி கூட்டாளி. அந்த ஜீனும் ஈடபிள்யூஎஸ்ஆர்1ம் எதிரெதிர்த் திசையில் படிக்கப்படுபவை. அதனால் நேர் வெட்டு ஒட்டு நடக்காது, திருகிச் செருகித்தான் சேரும். பிரேக்-அபார்ட் புரோப்பின் இரண்டு நிறமும் பிரியாமலே இருக்கலாம். ஃபிஷ் நெகட்டிவ் என்று யூயிங்கைத் தள்ளிவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம்.

பேனலுக்கு என்ன வேணும் என்றால்: கட்டி செல் குறைந்தது 20%, ஆர்என்ஏவில் 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் 30 விழுக்காடாவது. இதற்குக் கீழே வந்தால்தான் "தரம் போதவில்லை". அதோடு, பேனலின் உள் கட்டுப்பாட்டு ஜீன்கள் ஓடினதா என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அது ஓடாமல் "இணைவு கண்டறியப்படவில்லை" என்று வந்தால் அதை நெகட்டிவ் என்று படிக்காதீர்கள்.

பாலக்காடு_மைக்ராஸ்கோப்:
ஃபிஷ் எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 நியூக்ளியஸ், இரண்டு பேர் தலா 50. பல லேப்களில் சிவப்பும் பச்சையும் இரண்டு புள்ளி அகலத்துக்கு மேல் விலகினால்தான் பிரிவு என்று கணக்கு. எத்தனை விழுக்காடு வந்தால் பாசிட்டிவ் என்பதை ஒவ்வொரு லேபும் சாதாரணத் திசுவை வைத்துத் தானே நிர்ணயித்திருக்க வேண்டும். அடுத்த லேபின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. மேலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நியூக்ளியஸை விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டம்_எலும்பு:
எங்கள் பக்கம் அடிக்கடி மாட்டுகிற ஒன்றைக் கேட்கிறேன். இளைஞன், கையிலோ முன்கையிலோ ஆறாத புண், பக்கத்தில் இரண்டு மூன்று முடிச்சு. ரிப்போர்ட்: "நெக்ரோசிஸுடன் கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்". அதாவது அழுகலோடு அழற்சி முடிச்சு என்று. காசநோய் மாத்திரை ஆரம்பம். ஆறு மாதத்தில் அக்குள் கணு வீங்குகிறது.

ஸ்லைடு_சித்தன்:
எபிதீலியாய்டு சர்கோமா. காசநோயும் தொழுநோயும் நிறைய இருக்கிற ஊரில் இது தப்பிப் போகிற மாதிரி வேறெந்த சர்கோமாவும் தப்புவதில்லை. நடுவில் அழுகல், சுற்றிலும் இளஞ்சிவப்புச் செல்கள் வேலி கட்டினாற்போல் நிற்கும். செல்கள் சாதுவாகத் தெரியும், மைட்டோசிஸ் (செல் பிரிதல்) குறைவு. எவரையும் கிரானுலோமா என்று எழுத வைக்கும்.

காசநோய்க் கிருமியைத் தேடும் ஏஎஃப்பி சாயம் நெகட்டிவ், ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ், கிரானுலோமாவில் வரும் லாங்ஹான்ஸ் ராட்சதச் செல் சரியாக அமையவில்லை, கை கால் நுனி, இள வயது. இந்தக் கூட்டம் சேர்ந்தால் இரண்டே சாயம் போடுங்கள்: கெரட்டின், ஐஎன்ஐ1. கிரானுலோமாவின் ஹிஸ்டியோசைட்டில் (அழற்சிச் செல்லில்) கெரட்டின் ஏறாது, ஐஎன்ஐ1 நியூக்ளியஸில் இருக்கும். சர்கோமாவில் தலைகீழ்: கெரட்டின் ஏறும், 22ஆம் குரோமோசோமில் இருக்கிற எஸ்எம்ஏஆர்சிபி1 ஜீன் (ஐஎன்ஐ1 புரதத்தைச் செய்வது) போனதால் பத்தில் ஒன்பதில் ஐஎன்ஐ1 அழிந்திருக்கும். பாதிக் கட்டிகளில் சிடி34ம் ஏறும். கெரட்டின் ஏறுகிற சாதாரண கார்சினோமாவில் அது ஏறாது.

ஐஎன்ஐ1ஐப் படிக்கும்போது கட்டியை முதலில் பார்க்காதீர்கள். ரத்தக் குழாயின் உள்வரிச் செல்லையும் லிம்ஃபோசைட்டையும் முதலில் பாருங்கள். அங்கே சாயம் ஏறியிருந்தால்தான் கட்டியில் ஏறாததற்கு மதிப்பு. அங்கேயும் இல்லையென்றால் சாயமே தோல்வி, மறுபடி போட வேண்டும். நரம்புறைப் புற்றுக்குப் போடுகிற எச்3கே27எம்இ3 சாயத்துக்கும் இதே விதி.

செங்கோட்டை_பிஜி:
கொழுப்புக் கட்டிக்கெல்லாம் எம்டிஎம்2 ஜீன் பெருகியிருக்கான்னு ஃபிஷ் கேட்கணுமா சார்? சில இடத்தில் எல்லாத்துக்கும் எழுதுறாங்க.

ஸ்லைடு_சித்தன்:
முதுகில் தோலடியில் மூன்று சென்டிமீட்டர் லைப்போமாவுக்கு (சாதுவான கொழுப்புக் கட்டி) எழுதுகிறவர் நோயாளியின் பணத்தை மதிக்கவில்லை என்றே சொல்வேன். கேட்க வேண்டிய இடங்கள்: வயிற்றின் பின்புறம், இடுப்புக்குழி, திரும்பத் திரும்ப வருகிற கட்டி, 50 வயதுக்கு மேற்பட்டவரின் கை கால் ஆழத்தில் 10 செ.மீ. தாண்டியது, ஸ்லைடில் நியூக்ளியஸ் சந்தேகமாகத் தெரிவது. எம்டிஎம்2க்கும் 12ஆம் குரோமோசோமின் மையத்துக்கும் உள்ள விகிதம் 2ஐத் தாண்டினால் பெருக்கம், அதாவது லைப்போசர்கோமா (கொழுப்புப் புற்று) பக்கம். உண்மையான கேஸில் எண்ணவே வேண்டாம், கொத்தாகக் குமிந்திருக்கும். இரண்டு நிறமும் சேர்ந்தே கூடியிருந்தால் அது குரோமோசோம் எண்ணிக்கை கூடியதுதான், பெருக்கம் இல்லை. எம்டிஎம்2 இம்யூனோவில், அடிபட்டு நசிந்த கொழுப்பைத் தின்ன வந்த மேக்ரோஃபேஜ் சாயம் ஏறி ஏமாற்றும்.

வயிற்றின் பின்புறம் பிளியோமார்ஃபிக் சர்கோமா என்று எழுதப்போகிறீர்களா, நிறுத்துங்கள். சுற்றியுள்ள "சாதாரண" கொழுப்பில் இரண்டு மூன்று பிளாக் கூடுதலாக எடுங்கள், எம்டிஎம்2 போடுங்கள். பெரும்பாலும் டிடிஃபரன்ஷியேட்டட் லைப்போசர்கோமாவாக இருக்கும், போக்கும் வேறு.

மிக்ஸாய்டு லைப்போசர்கோமா தனிச் சாதி. 12ஆம், 16ஆம் குரோமோசோம்களுக்கு இடையே மாற்றம், எஃப்யூஎஸ்–டிடிஐடி3 இணைவு. எம்டிஎம்2 பெருகாது. நுரையீரலுக்கு மட்டும் இல்லாமல் முதுகெலும்புக்கும் மற்றக் கொழுப்பு இடங்களுக்கும் போகும், அதனால் நெஞ்சு சிடி மட்டும் போதாது, முதுகெலும்பு எம்ஆர்ஐ வேண்டும். வட்டச் செல் பகுதி 5 விழுக்காட்டைத் தாண்டினால் ஹை கிரேடு. அதனால்தான் நீளத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு பிளாக் என்று எடுக்கச் சொல்வது.

பாலக்காடு_மைக்ராஸ்கோப்:
கிரேடு (கட்டியின் வீரியம்) பேச்சு வந்ததால்: எஃப்என்சிஎல்சிசி என்ற மதிப்பெண் முறையில் டிஃபரன்ஷியேஷனுக்கு (சாதாரணத் திசுவை எவ்வளவு ஒத்திருக்கிறது) 1–3, மைட்டோசிஸுக்கு 1–3 (0–9, 10–19, 20ம் மேலும்), அழுகலுக்கு 0–2. கூட்டு 2–3 என்றால் கிரேடு 1. 4–5 கிரேடு 2. 6–8 கிரேடு 3. இதில் பலரும் சறுக்குவது மைட்டோசிஸில். "பத்து ஃபீல்டு" என்பது 0.1734 சதுர மி.மீ. ஃபீல்டைக் கணக்கில் வைத்து எழுதியது, அதாவது மொத்தம் 1.734 சதுர மி.மீ. உங்கள் ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) ஃபீல்டு எண் 22 என்று போட்டிருந்தால், 40 லென்ஸில் விட்டம் 0.55 மி.மீ., பரப்பு 0.2376. பத்து ஃபீல்டு எண்ணினால் முப்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் அதிகமாக எண்ணிவிட்டீர்கள். உண்மையில் 8 இருக்க வேண்டியது 11 ஆகும், மதிப்பெண் 1இல் இருந்து 2. 22க்கு ஏழு ஃபீல்டு போதும், 20க்கு ஒன்பது, 18க்குப் பதினொன்று. ஐபீஸ் மாற்றினால் கணக்கும் மாறும்.

கீமோ அல்லது ரேடியேஷனுக்குப் பிறகு எடுத்த கட்டிக்கு இந்தக் கிரேடு போடக்கூடாது. கோரில் போட்டால் "குறைந்தபட்சம்" என்று சேர்த்து எழுதுங்கள். யூயிங்குக்குக் கிரேடே தேவையில்லை, அது பிறவியிலேயே ஹை கிரேடு.

களியக்காவிளை_லேப்:
பெரிய உபகாரம். இன்னொண்ணு. ஜீன் ரிப்போர்ட் கையில் வந்ததும் வீட்டார் முதலில் கேட்பது "பிள்ளைகளுக்கும் வருமா?" என்றுதான். அத்தை மகனைக் கட்டினதால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். கவுண்டரில் இருக்கிற எங்களிடமேதான் கேட்கிறார்கள்.

மாலதி_ஜெனடிக்ஸ்:
கவுண்டரில் இருந்து ஒரு வரி மட்டும் சொல்லலாம், மிச்சத்தை ஜெனடிக் கவுன்சலிங்குக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வரி: எஸ்எஸ்18–எஸ்எஸ்எக்ஸ், எஃப்யூஎஸ்–டிடிஐடி3, ஈடபிள்யூஎஸ்ஆர்1–எஃப்எல்ஐ1 போன்ற இணைவுகள் அந்தக் கட்டியின் செல்லில் மட்டும் பின்னால் நடந்த மாற்றம். ரத்தத்தில் இருக்காது, பிள்ளைக்குப் போகாது. தம்பி தங்கைக்கு ஸ்கேன் தேவையில்லை.

பரம்பரையாக வருகிறவை வேறு. டிபி53இல் பிறவி மாற்றம் என்றால் லி-ஃப்ராமெனி. ஒரே குடும்பத்தில் இள வயது சர்கோமா, முப்பது சொச்சத்தில் மார்பகப் புற்று, மூளைக் கட்டி, அட்ரினல் புற்று என்று வரும். குழந்தையின் ராப்டோமயோசர்கோமாவில் (தசைச் செல் புற்று) அனாபிளேசியா (செல் மிகவும் உருக்குலைந்திருப்பது) என்று பத்தாலஜிஸ்ட் எழுதியிருந்தால் குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் டிபி53 கேட்க வேண்டும், ரேடியேஷன் முடிவு செய்வதற்கு முன்பே. என்எஃப்1 என்ற பரம்பரை நரம்புக் கட்டி நோய் உள்ளவருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரும் வாய்ப்பு 8–13%. பழைய முடிச்சு திடீரென்று வலித்தால், வேகமாக வளர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுவயதில் இரு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்று) வந்து பிழைத்தவருக்கு ஆர்பி1 காரணமாகப் பின்னாளில் சர்கோமா வரலாம். டெஸ்மாய்டு என்ற நார்க் கட்டிக்குள் சிடிஎன்என்பி1 ஜீன் மாற்றம் இல்லையென்றால் பெருங்குடலில் பாலிப் இருக்கிறதா என்று ஏபிசி ஜீன் பக்கம் தேட வேண்டும். ஐஎன்ஐ1 இழந்த ராப்டாய்டு கட்டி கைக்குழந்தையில் என்றால் எஸ்எம்ஏஆர்சிபி1ஐ ரத்தத்திலும் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன அத்தனையும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே பிரதி வந்தாலே போதும் என்கிற வகை, அல்லது பிள்ளையிடம் புதிதாக ஆரம்பித்தது. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஏற்கெனவே நொந்துபோன குடும்பத்தில் அது இன்னொரு சண்டைக்கு வழி.

செங்கோட்டை_பிஜி:
ஆரியங்காவு வழியா பஸ்ஸில் பிளாக் கொண்டுபோகிறவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது? மெழுகு உருகுமா?

வாளையார்_மாலிக்யூலர்:
பாரஃபின் உருகுவது 56–60 டிகிரியில். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒன்றும் ஆகாது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்தால் இளகி, முகப்பு வளைந்து, மறுபடி மட்டப்படுத்தும்போது திசு போகும். ஃபார்மலின் டப்பா என்றால் திருகு மூடி, அதன்மேல் டேப், ஒரு பிளாஸ்டிக் பை, உறிஞ்ச பஞ்சு, வெளியே இன்னொரு பை. ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

எல்லா பிளாக்கையும் அனுப்பிவிடாதீர்கள். கட்டி நன்றாக உள்ள ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், வழியில் தொலைந்தால் வேறு வழி இல்லை.

பாலக்காடு_மைக்ராஸ்கோப்:
பெயர்க் குழப்பம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தப் பக்கம் அப்பா பெயரின் இனிஷியல் முன்னால். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் பின்னால் ஏறும், சில நேரம் வீட்டுப் பெயரோடு. பிளாக்கில் ஒரு பெயர், ரெஃபரல் கடிதத்தில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது. பொருந்தவில்லை என்று மாதிரியை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

களியக்காவிளை_லேப்:
கடைசியாக, கோரிக்கைப் படிவத்தில் "கிளினிக்கல் விவரம்" என்ற பெட்டியில் என்ன எழுதினால் உங்களுக்கு உதவும் சித்தன் சார்? எங்கள் ஆட்கள் "தொடை கட்டி" என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஸ்லைடு_சித்தன்:
இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"ஆண், 28. வலது தொடை, நடுப்பகுதி, தசைக்குள், எம்ஆர்ஐயில் 7 × 5 × 4 செ.மீ., உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். எட்டு மாதமாக வளர்கிறது. முன்பு அறுவை, கீமோ, ரேடியேஷன் இல்லை. என்எஃப்1 அடையாளம் இல்லை. குடும்பத்தில் புற்று இல்லை. 16 கேஜ் கோர் 5, பஃபர் ஃபார்மலினில் 20 மணி. பிளாக் ஏ1, ஏ2, ஏ2 தொடப்படவில்லை. ஏ1இல் கட்டி சுமார் 70%, அழுகல் இல்லை. செய்த இம்யூனோ: கெரட்டின் திட்டுத்திட்டாக, எஸ்100 நெகட்டிவ், சிடி34 நெகட்டிவ், டெஸ்மின் நெகட்டிவ். எங்கள் சந்தேகம் மோனோஃபேசிக் சைனோவியல் சர்கோமா. கேள்வி: எஸ்எஸ்18 மாற்றம் உண்டா?"

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். "சர்கோமா பேனல்" என்று மட்டும் எழுதி வந்தால் எந்தச் சோதனையை முதலில் ஓட்டுவது என்று அந்த லேப் உங்களுக்கு போன் பண்ணும், நீங்கள் டாக்டருக்கு போன் பண்ணுவீர்கள், ஒரு வாரம் போகும். நீங்கள் போட்ட இம்யூனோ ஸ்லைடுகளையும் கூடவே அனுப்புங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. படிவத்தில் போன் எண் லேபுடையது வேண்டும். நோயாளியின் எண்ணை எழுதினால் அவர்கள் அவரைக் கூப்பிட்டு "பிளாக்கில் கட்டி இல்லை, வேறு அனுப்பச் சொல்லுங்க" என்பார்கள், அவர் பயந்துவிடுவார்.

களியக்காவிளை_லேப்:
எழுதி ஒட்டியாச்சு சார். ஏ2ஐத் தனி டப்பாவில் வைக்கிறோம், திங்கள்கிழமை முதல்.